பெலுக்காரும் புதரும் ஒன்றா? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறையில் பாதிச் சிங்கப்பூர் காட்டுப் பாதைகளில் நடக்கக் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி செடி, கொடி, புதர் பற்றியவை. சமையல் குறிப்பு கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து கெண்ட் ரிட்ஜ் பூங்காவுக்குப் போய்வந்தாள். கூட்டிப்போனவர் "இந்தச் சரிவு முழுக்க பெலுக்கார்" என்றாராம். அதைத் தமிழ்க் கட்டுரையில் 'புதர்' என்று எழுதினாள். என் மாமனார் பார்த்துவிட்டு, "புதரா? அது காடும்மா" என்கிறார். பெலுக்கார் என்பதே தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல்தான் என்றும் அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (ஈசூன் வாசகி)

பதில்: மாமனார் முதலில் சொன்னது சரி, பின்னால் சொன்னது சரியில்லை. மகள் எழுதியது தப்பில்லை, ஆனால் போதாது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

மலாய்க்காரர்களுக்குக் காட்டைக் குறிக்க ஒரு சொல் போதாது. கைபடாத பெருங்காடு ரிம்பா. பொதுவாகக் காடு என்றால் ஹுத்தான், ஓராங் ஊத்தானில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊத்தான் இதுதான். காலடியிலும் இடுப்பளவிலும் மண்டிக்கிடக்கிற செடிகொடி செமாக். பெலுக்கார் இவற்றிலிருந்து தனி. யாரோ காட்டை வெட்டித் திருத்தி, கொஞ்ச காலம் பயிர் வைத்து, மண் சோர்ந்ததும் விட்டுப்போன நிலத்தில் தானாகக் கிளம்பி வருகிற காடு அது. செடி எவ்வளவு உயரம் என்பதைவிட அந்த நிலத்துக்கு முன்பு என்ன ஆயிற்று என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. இளசாக இருந்தால் பெலுக்கார் மூடா, முற்றிப்போனால் பெலுக்கார் துவா. 'செமாக் பெலுக்கார்' என்று இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு, நாம் புல்பூண்டு என்கிற மாதிரி. அதைக் கேட்டுப் பழகியவர்கள்தான் பெலுக்கார் என்றாலே புதர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கேம்பியர். ராஃபிள்ஸ் 1819இல் வந்து இறங்கும்போதே இங்கே குன்றுகளில் கேம்பியர் பயிர் இருந்தது. தோல் பதனிடவும் சாயத்துக்கும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட சரக்கு அது, நாட்டு மருந்துக் கடையில் கத்தக்காம்பு என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த மாதிரி. இலையைப் பறித்ததும் அங்கேயே பெரிய இரும்புச் சட்டியில் போட்டுக் காய்ச்சவேண்டும், அதற்கு விறகு வேண்டும், விறகுக்குப் பக்கத்துக் காட்டை வெட்டவேண்டும். காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரம், அதனால் இரண்டும் சேர்ந்தே நடந்தன. 15, 20 ஆண்டுகளில் மண் சத்தெல்லாம் வடிந்துபோகும், தோட்டக்காரர் அடுத்த காட்டைத் தேடிப் போவார். சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்று எம்ஆர்டியிலும் பேருந்திலும் தினமும் படிக்கிறோம் இல்லையா, அந்த 'சூ காங்' இந்தக் காலத்து மிச்சம். ஆற்றோரத் தோட்டங்களுக்குத் தலைவராக இருந்தவரைக் 'காங்சூ' என்பார்கள், முன்னால் நிற்கிற சுவா, லிம், இயோ அவர்களுடைய குடும்பப் பெயர்கள்.

தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த நத்தேனியல் கேன்ட்லி 1883இல் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது தீவின் பெருங்காட்டில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அதன் பிறகுதான் புக்கிட் தீமா போன்ற இடங்களைக் காப்புக்காடாக ஒதுக்கினார்கள். இன்று புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி சுமார் 163 ஹெக்டர். ரிம்பா என்று வாய்கூசாமல் சொல்லக்கூடிய துண்டுகள் நம் ஊரில் அங்கேயும் இன்னும் சில மூலைகளிலும்தான் இருக்கின்றன. மற்றபடி நாம் 'காடு' என்று கை காட்டுவதில் பெரும்பகுதி கைவிட்ட தோட்டமும் கைவிட்ட கிராமக் குடியிருப்பான கம்பமும்தான்.

கெண்ட் ரிட்ஜ் சரிவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண் புளிப்பேறிச் சத்தில்லாமல் கிடப்பதால் எல்லா மரமும் அங்கே வராது. வருகிறதில் முக்கியமானது தியூப் தியூப் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற சின்ன மரம், ஆண்டு முழுக்கப் பூத்துக் காய்த்துக்கொண்டே இருக்கும், பழத்தை வௌவால் தின்று விதையைப் பரப்பும். அதன் தாவரவியல் பெயரை வைத்தே இந்த மாதிரிக் காட்டுக்கு 'அடினாண்ட்ரா பெலுக்கார்' என்று பெயரிட்டிருக்கிறார்கள், மலாய்ச் சொல்லை மாற்றவே இல்லை. கூடவே தெம்புசு மரம் (5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் தாவரவியல் பூங்காவிலுள்ள தெம்புசு இருக்கும், கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்), ஊதாப் பூப் பூக்கிற செண்டுடோக், கீழே தரையே தெரியாதபடி கம்பிபோல் பின்னிக்கிடக்கிற ரெசாம் பெரணி. ஈரமான இடமானால் சிம்போ ஆயர். அதன் இலை நம் உள்ளங்கையைப்போல் இரண்டு மூன்று பங்கு இருக்கும், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு, நரம்புகள் மடித்த துணி மாதிரி இணையிணையாக ஓடும். முன்பெல்லாம் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) மடிக்க அதைத்தான் பறித்து வருவார்கள். மஞ்சள் பூ ஒரு நாள்தான், காய் வெடித்தால் சிவப்பு நட்சத்திரம். இத்தனை சங்கதியும் 'புதர்' என்கிற மூன்றெழுத்தில் அடங்காது என்றுதான் மாமனார் சொல்ல வருகிறார். அந்த மட்டில் அவர் கட்சி நான்.

சரி, தமிழிலிருந்து போன சொல்லா? இல்லை. தமிழ் மலாய்க்குக் கொடுத்தவை எவை என்று பாருங்கள்: கடை கெடாய் ஆயிற்று, கப்பல் காப்பால், பெட்டி பெத்தி, முதல் (வியாபாரத்தில் போடுகிற முதல்) மோடால், கூலி கூலி. எல்லாம் துறைமுகத்திலும் சந்தையிலும் புழங்கிய சொற்கள். மாமா கூட மாமாக் ஆனது கடைத்தெருவில்தான். காட்டோரத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர்கள் தம் வீட்டுக் கொல்லையில் முளைத்ததற்குப் பெயர் கேட்டுக் கப்பலேறி வந்தவனிடம் நிற்கமாட்டார்கள். ரிம்பா, செமாக், பெலுக்கார் எல்லாம் அவர்களுடைய சொந்தச் சரக்கு.

ஆனால் மாமனாரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. பெலுக்காருக்குப் பக்கத்தில் வருகிற பொருள் நம் பழந்தமிழில் உண்டு. முதை. மலைச்சரிவில் காட்டை எரித்துத் தினை விதைக்கிற நிலம் புனம், அதில் பலகாலம் பயிர் கண்டு பழசாகிப்போன நிலம் முதைப்புனம். அகராதிகள் முதைக்குப் பழங்கொல்லை என்றும் பொருள் தருகின்றன, முதுகாடு என்றும் பொருள் தருகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றலாம், ஆனால் வெட்டிப் பயிர் செய்து விட்டுப்போய்த் திரும்பி வருகிற விவசாயத்தில் கொல்லையும் காடும் ஒரே நிலம்தானே, வெவ்வேறு ஆண்டுகளில். குறுந்தொகையின் 155ஆம் பாட்டு "முதைப்புனம் கொன்ற ஆர்கலி உழவர்" என்று தொடங்குகிறது. இங்கே 'கொன்ற' என்றால் உழுத என்று பொருள், யாரும் பதற வேண்டாம்.

மகளுக்கு என் யோசனை: பெலுக்கார் என்றே எழுதட்டும், அடுத்த வரியில் 'கைவிட்ட தோட்ட நிலத்தில் மீண்டும் வளர்ந்த காடு' என்று விளக்கட்டும். கம்பத்தையும் பாசாரையும் தமிழில் எழுதிப் பழகிவிட்டோம், இதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

கேள்வி: அப்படியானால் பெரிய மரங்களுக்கு அடியில் மண்டுகிற செடிகொடிக்குச் சரியான தமிழ்ச் சொல் எது? புதர், தூறு, தூர், தூறல் எல்லாம் ஒரே குடும்பமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: எனக்குப் பிடித்தது தூறு. பழைய அகராதிகள் தூறுக்கு அடர்ந்து தாழ்ந்த செடிக்கூட்டம் என்கிற பொருளையே தருகின்றன. புதர் தனித்தனியாகவும் நிற்கும், வீட்டு வாசலில் ஒரு செம்பருத்திப் புதர் இருக்கலாம். தூறு என்றால் உள்ளே போகமுடியாதபடி மண்டியது. நல்ல சொல், இங்கே அதைக் கேட்பதே அபூர்வமாகிவிட்டது.

தூர் வேறு. அது அடிப்பகுதி. பானைக்கும் தூர் உண்டு, கிணற்றுக்கும் உண்டு. தூர் வாருவது என்றால் அடியில் படிந்ததை அள்ளுவது. ஒரு நாற்றின் அடியிலிருந்து பல தண்டு கிளம்பினால் 'பயிர் தூர் கட்டுது' என்பார்கள் தஞ்சாவூர்ப் பக்கம். மூங்கில் தூறு என்னும்போது ஒரே அடியிலிருந்து கிளம்பிய கூட்டம் என்கிற எண்ணமும் வந்துவிடுகிறது, அதனால் பேச்சில் இரண்டும் உரசிக்கொண்டேதான் இருக்கின்றன. தூறல் இவற்றோடு சேராது. அது சிதறி விழுவது, நெல் தூற்றுவதற்குப் பக்கத்து வீடு.

புதருக்கு வந்தால், சங்கப் பாட்டில் அது 'புதல்'. லகரம் பின்னால் ரகரமாகிவிட்டது. நெடுநல்வாடையில் மழைக்காலத்தைச் சொல்லும்போது, முசுண்டையின் வெள்ளைப் பூவும் "பொன்போல் பீரமொடு புதல்புதல் மலர" என்று ஒரு வரி வரும். பீரம் என்றால் பீர்க்கு. புதருக்குப் புதர் பீர்க்கம்பூ மஞ்சளாக ஏறிக் கிடக்கிறது. பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் யாராவது பீர்க்கங்கொடியை வேலியில் ஏற்றிவிட்டிருந்தால் சாயங்காலம் போய்ப் பாருங்கள், அதே மஞ்சள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கே மூன்றாம் தலைமுறை. அம்மம்மா "பத்தைக்குள்ள போகாத, பாம்பு கிடக்கும்" என்பா. என் கணவர் குடும்பம் தமிழ்நாடு, பத்தை என்றதும் சிரிக்கிறார்கள். அது தப்பான தமிழா? (செராங்கூன் வாசகி)

பதில்: சிரிப்பதற்குக் காரணம் தேங்காய்ப் பத்தை. தமிழ்நாட்டில் பத்தை என்றால் கீறிய துண்டு, அவர்கள் காதுக்கு அம்மம்மா 'தேங்காய்த் துண்டுக்குள் போகாதே' என்று சொன்ன மாதிரி இருக்கும். எழுத்தில் அது பற்றை. ஈழத்தில் பற்றை என்றால் புதர், பற்றைக்காடு என்றால் தாழ்ந்த முட்செடிகள் மண்டிய காடு, செய்தித்தாளிலும் அரசாங்கக் கடிதத்திலும்கூடச் சாதாரணமாக வருகிற சொல். தமிழ்நாட்டுக்காரர்கள் 'முட்புதர்க் காடு' என்று மூச்சுவாங்கிச் சொல்வதை யாழ்ப்பாணம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அடுத்த முறை சிரித்தால் இதைப் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: ஜங்கிள் என்பது சமஸ்கிருதச் சொல் என்றும், அதற்குப் பொருள் வறண்ட நிலம் என்றும் ஒருவர் சொன்னார். நம்புவதா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: நம்பலாம். ஆயுர்வேத நூல்கள் நிலத்தை மூன்றாகப் பிரிக்கும். தண்ணீரும் மரமும் குறைந்து வெயில் அடிக்கிற திறந்த நிலம் ஜாங்கலம், சேறும் நீருமான நிலம் ஆனூபம், இரண்டுக்கும் நடுவே சாதாரணம். வறண்ட நிலம் பயிரிடாத நிலமாகி, பயிரிடாத நிலம் முள்மண்டிய நிலமாகி, வட இந்தியப் பேச்சில் 'ஜங்கல்' காடு என்றே ஆகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் அதை எடுத்துக்கொண்டு கிழக்கே வந்து, நாள் தவறாமல் மழை கொட்டுகிற மலாயாக் காட்டுக்கு அந்தப் பெயரை ஒட்டினான். வறட்சிக்குப் பிறந்த சொல்லுக்கு இப்படியொரு வாழ்வு!

நம்முடைய 'காடு' மட்டும் என்ன வாழ்கிறது? கொங்கு நாட்டில் "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றால் விவசாயம் பார்க்கப் போகிறார் என்று பொருள், சோளமோ நிலக்கடலையோ போட்ட மேட்டு நிலம் அங்கே காடு. சுடுகாட்டில் மரமே வேண்டாம். மழை பெய்தால் ஊரே வெள்ளக்காடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜங்கிள் என்றதும் சினிமாவில் கத்தியால் வெட்டி வெட்டி வழி உண்டாக்கிப் போவார்களே, உண்மையான முதுகாட்டில் அந்த வேலை அவ்வளவு இருக்காது. மேலே மரங்கள் குடை பிடித்துவிடுவதால் தரைக்கு வந்து சேர்கிற வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான், அந்த இருட்டில் தூறு மண்டாது, நிழலுக்குப் பழகிய கன்றுகளும் சருகும்தான். மண்டிக்கிடப்பது எல்லாம் வெளிச்சம் விழுகிற இடத்தில்: ஆற்றோரம், சாலையோரம், மரம் சாய்ந்த இடைவெளி, அப்புறம் நம் பெலுக்கார். சாலையிலிருந்தும் படகிலிருந்தும் காட்டைப் பார்த்தவர்கள் அதன் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளேயும் அப்படித்தான் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே புதிதாகத் தொடங்கிய தோட்டக் குழுவுக்குப் பெயர் தேடுகிறோம். அகராதியில் 'அரில்' என்று ஒன்று அகப்பட்டது, சிறுகாடு என்று போட்டிருக்கிறது. சின்னதாக, அழகாக இருக்கிறது. வைக்கலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: வைக்கலாம், ஆனால் முழுப் பதிவையும் படித்தீர்களா? அரிலுக்கு அடிப்படைப் பொருள் பின்னிப்பிணைந்த சிக்கல். மூங்கிலும் கொடியும் சிக்கிக் கிடப்பதால் சிறுகாடு. சிக்கலிலிருந்து அடுத்த அடி குற்றம். தொல்காப்பியப் பாயிரத்தில், அதங்கோட்டாசானுக்கு "அரில்தபத் தெரிந்து" நூலைச் சொன்னார் என்று வரும், குற்றமில்லாமல் ஆராய்ந்து என்று பொருள். யாராவது தமிழாசிரியர் உங்கள் குழுவில் இருந்தால் முதல் கூட்டத்திலேயே இதை எடுத்துப் போடுவார். 'இறும்பு' பரவாயில்லை, குறுங்காடு என்று மட்டும்தான் நினைவுக்கு வரும், ஆனால் எல்லாரும் அதை இரும்பு என்று படித்துத் துருப்பிடிக்குமா என்பார்கள். 'பொதும்பர்' இளமரங்கள் செறிந்த சோலை, மதுரைக்குப் பக்கத்தில் பொதும்பு என்றே ஓர் ஊர் இருக்கிறது. கேட்பதற்குக் கனமாகவும் இருக்கும், வம்பும் இல்லை. என் ஓட்டு அதற்கு.

'குறுங்காடு' வேண்டாம். தமிழ்நாட்டில் மியாவாக்கி முறையில் நெருக்கி நடுகிற எல்லாத் தோப்புக்கும் அந்தப் பெயரை வைத்துத் தேய்த்துவிட்டார்கள்.

கேள்வி: 'உலு' என்றால் காடா? ஆளில்லாத இடத்தை எல்லாம் பிள்ளைகள் உலு என்கிறார்கள். (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: காடு இல்லை. ஆற்றின் மேல்பக்கம், தலைப்பக்கம். மலாயில் ஹுலு. ஊர் ஆற்றின் வாயில் இருக்கும், மேலே போகப் போக ஆள் குறையும், அதனால் உலு என்றால் எட்டாக்கை. உலு பாண்டானில் இன்றைக்கு வீடு வாங்க நினைத்துப் பாருங்கள், எட்டாக்கை என்பதற்கு வேறு அர்த்தம் புரியும்.

கேள்வி: நடைப்பாதையை விட்டுக் கொஞ்சம் இறங்கி இந்தப் பெலுக்காருக்குள் போய்ப் பார்க்கலாமா? பையன் நச்சரிக்கிறான். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: கூடாது. இயற்கை வனப்பகுதிகளில் பாதையை விட்டு இறங்கினால் அபராதம். அது இல்லாவிட்டாலும் ரெசாம் பெரணி காலை விடாது: காய்ந்த தண்டு கம்பிபோல் விறைப்பாக இருக்கும், தோலைக் கீறும், கீழே பள்ளம் இருந்தால் தெரியாது. ஒரு காலத்தில் அதே தண்டைச் சீவி எழுதுகோலாக்கி ஜாவி எழுத்து (மலாயை அரபு எழுத்தில் எழுதுவது) எழுதினார்கள் என்று பையனிடம் சொல்லுங்கள், பாதையில் நின்றபடியே பார்க்க அதற்கு மேல் ஆர்வம் வரலாம்.

அதைவிடக் கவனமாக இருக்கவேண்டியது பிரம்பு. பாதைக்கு மேலேயே சில இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் ரோத்தான் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே, அதன் மூலக்கொடி இதுதான், காட்டில் அதற்குக் கோபம் இன்னும் அதிகம். உயரமான மரத்தைப் பற்றி ஏறுவதற்காகச் சாட்டை மாதிரி மெல்லிய தந்து ஒன்றை வீசியிருக்கும், அதில் வரிசையாகப் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள். சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க அடுத்த கொக்கியும் மாட்டும். ஓரடி பின்னால் வைத்து, வந்த வழியிலேயே கொக்கியைக் கழற்றுங்கள். பையன் தோளில் மாட்டினால் அவனை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் கழற்றுங்கள், அவனாகத் திரும்பினால் சட்டை போயிற்று.